கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நீதவானும் ஒரு முழுப்பக்க வாழ்த்தும்

1

ஒவ்வொரு நவம்பரிலும் ஒருநாள் எங்கள் வீட்டில் பெருநாள். எந்தப் புனிதரின் திருநாளும் அல்ல. நான் கனடாவில் வந்திறங்கிய நாள். அதற்கு இந்த நாடு இன்னும் விடுமுறை விடாதது ஒட்டாவாவில் இருப்பவர்களின் பிழை.

அன்றைக்கு என் மனைவி பிலோமினா புட்டும் கணவாய்க் கறியும் செய்வாள். பிள்ளைகள் இரண்டும் வரவேண்டும். நான் என் கதைகளைச் சொல்வேன், அவர்கள் கேட்கவேண்டும். மகன் ஸ்காபரோவுக்கு அப்பால், அஜக்ஸில் இருக்கிறான். நெடுஞ்சாலை நெரிசலைச் சாட்டிக்கொண்டு, கதை முடிந்து கறி மிஞ்சியிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து சேருவான். மகள் ஷெரின்தான் இருந்து கேட்பவள். அவள் சட்டத்தரணி, காசு வாங்காமல் கேட்பது என் கதையை மட்டும்தான்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்புவரை படித்தேன், எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டுமுறை. இங்கே வந்து முதலில் கோப்பை கழுவினேன். பிறகு கூரையில் ஏறினேன். இன்றைக்கு மூன்று வான், ஒன்பது வேலையாட்கள். வெக்ஸ்போர்ட்டில் நின்று ‘கூரை தாஸ்’ என்று சொன்னால் வழி காட்டுவார்கள். ஸ்காபரோவில் மழை பெய்யும்போது பாதிச் சனம் நனையாமல் படுத்திருப்பதற்கு நான்தான் காரணம். மற்றப் பாதி, மலிவாகச் செய்கிறவனிடம் போன சனம்.

போன நவம்பரில் புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு ஷெரின் ஒரு குண்டைப் போட்டாள்.

“அப்பா, நான் ஒரு வேலைக்கு அப்ளை பண்ணினனான். ஷோர்ட்லிஸ்ற் பண்ணியிருக்கினம். மூண்டு பேர்தான்.”

“எங்கை? டவுன்ரவுணிலையோ?”

“இல்லை. ஒரு ஐலண்ட். சவுத் அற்லான்ரிக்கில. பிரிட்டிஷ் ரெரிற்றரி.”

“பிரிட்டிஷ்காரனிட்டை இன்னும் தீவு இருக்கோ?”

“கொஞ்சம் இருக்கு.”

“எங்கட நாட்டை விட்டுப் போகேக்குள்ளை எல்லாத்தையும் குடுத்திட்டுப் போட்டாங்கள் எண்டெல்லோ நினைச்சன். ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்!”

வேலையின் பெயர் கிரவுன் கவுன்சல். எங்கள் பக்கத்துத் தமிழில் அரச சட்டவாதி. ராசாவின் பெயரால் கள்ளனைக் கூண்டில் ஏற்றுகிற வேலை. தீவில் நாலாயிரம் சனமும் ஒரு கோர்ட்டும் கிழமைக்கு ஒரு விமானமும் உண்டாம். அதன் பெயரை நான் இங்கே எழுதக்கூடாது என்பது மகளின் கட்டளை. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

“சனம் இல்லாத கல்லுக்கு ஏன் பிள்ளை போறாய்?” என்று பிலோமினா கேட்டாள்.

“அம்மா, ஆறு வருஷமா என்ர பொஸ்ஸுக்குப் பின்னால பைல் காவுறன். அவ எழும்பிக் கதைக்கிறா, நான் பேப்பர் எடுத்துக் குடுக்கிறன். அங்க ரெண்டே ரெண்டு லோயர்தான். கேஸ் வந்தால் நான்தான் எழும்பி நிக்கவேணும்.”

இங்கேயும் ஒரு வழி திறந்திருந்தது. வருகிற வசந்தத்தில் ஒரு பெரிய கொலை வழக்கு. அதில் பாதிச் சாட்சிகளை ஷெரினே விசாரிக்கலாம் என்று அவளுடைய முதலாளியம்மா சொல்லியிருந்தா. அதனால் தீவு விஷயம் ஒபிஸில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.

“அப்பா, என்ர கண்ணைப் பாத்துச் சொல்லுங்கோ. ஆருக்கும் சொல்லமாட்டியள்.”

“எனக்கென்ன விசரோ?” என்றேன்.

பிலோமினா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருக்கவேண்டும்.

2

அன்று நான் சொன்னது நீதவான் கதை. வழக்கமாகச் சொல்வதுதான், ஆனால் கோர்ட்டுப் பேச்சு வந்ததால் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

நானும் தீவான்தான். ஊர்காவற்றுறைக்கு அப்பால், லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், ஒரு மணித்தியாலம் போனால் வருகிற தீவு. அதை நினைத்துக் கண்ணீர் விடுகிற ஆள் நான் இல்லை. குடிக்க உப்புத் தண்ணி, கதைக்க ஊர்வம்பு, இரண்டுக்கும் அங்கே குறைவில்லை. மாதத்தில் ஒருநாள் நீதவான் வந்து பள்ளிக்கூடக் கட்டடத்தில் கோர்ட் வைப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், எங்கள் ஆடு பக்கத்து வளவு செபஸ்தியாம்பிள்ளையின் புகையிலைக் கன்றுகளை மேய்ந்துவிட்டது. செபஸ்தியாம்பிள்ளை ஆட்டுக்கு அடித்தார். என் அப்பு, அதாவது தகப்பனார், செபஸ்தியாம்பிள்ளைக்கு அடித்தார். பொலிஸ் வந்து ஆட்டைச் சான்றாகக் கொண்டுபோய் ஊர்காவற்றுறை ஸ்ரேசனில் கட்டியது. வழக்குக்கு முதல்நாள் இரண்டு பகுதியும் லோயர் பிடிக்க யாழ்ப்பாணம் போனோம். மறுநாள் திரும்பி வருவதற்கு இருந்தது ஒரே ஒரு லோஞ்ச்.

அந்த லோஞ்சுக்குள் யார் யார் என்று கேளுங்கள். அப்பு, செபஸ்தியாம்பிள்ளை, இரண்டு பேருடைய லோயர்மார், பொலிஸ்காரர், ஆடு, நீதவான். ஒருவருடைய முழங்கால் மற்றவருடைய முதுகில் இடித்தது.

நீதவான் அணியத்தில், லோஞ்சின் முன்முனையில், கடலைப் பார்த்தபடி இருந்தார். திரும்பவேயில்லை. அப்பு இரண்டுமுறை கனைத்தார். செபஸ்தியாம்பிள்ளை காயத்துக் கட்டை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு ஐயோ ஐயோ என்றார். ஆடு நீதவானின் காற்சட்டைக் கரையை நக்கிப் பார்த்துப் பிறகு சப்பவும் தொடங்கியது. அப்போதும் அவர் திரும்பவில்லை. ஒரு மணித்தியாலம் கடலையே பார்த்தார்.

இந்த இடத்தில் நான் எழும்பி, நீதவான் மாதிரி கழுத்தை விறைத்துக் காட்டுவேன். “மனிசனுக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரப்பாத்தது. திரும்பினால் ஆட்டுக்கு மேலைதான்!” என்று முடிப்பேன். முடிவுக்கு வந்து சேருகிற மகன்கூடச் சிரிப்பான். வழக்கில் அப்பு தோற்றார். ஆடும் எங்களுடையது, பிழையும் எங்களுடையது. ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்டு எழும்பிய அந்த லோயரைப் பார்த்து, என் குடும்பத்தில் ஒன்று இந்தக் கோட்டைப் போடவேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். எனக்கு எட்டாம் வகுப்பே ஏறவில்லை. அதனால் பிள்ளை பெற்றுத்தான் அதைச் செய்யவேண்டியிருந்தது.

3

ரொறன்ரோவில் தமிழ்ப் பத்திரிகை இலவசம். தமிழ்க் கடை வாசலில் குவித்திருப்பார்கள். ஒரு பக்கம் மரண அறிவித்தல், மறுபக்கம் வாழ்த்து. பிள்ளை கார் லைசன்ஸ் எடுத்தால் கால் பக்கம், அரங்கேற்றம் என்றால் அரைப் பக்கம், டொக்டர் லோயர் என்றால் முழுப் பக்கம். இது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். வாழ்த்துப் போடாதவன் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று சனம் கதைக்கும்.

அடுத்த கிழமை, தீவிலிருந்து ஷெரினுக்குக் கடிதம் வந்தது. பொலிஸ் சான்றிதழ், வைத்தியச் சான்றிதழ், பல்லு எக்ஸ்றேகூடக் கேட்டிருந்தார்கள். அந்தத் தீவில் பல்லு டொக்டர் எப்போதாவதுதான் வருவாராம். நான் ஒன்பது பேரை வேலைக்கு எடுத்தவன். எடுக்கப்போகிறவனிடம்தான் பேப்பர் கேட்பேன், அனுப்பப்போகிறவனின் பல்லை எண்ணமாட்டேன். ஆக, வேலை முடிந்த விஷயம். இன்ரவியூ என்பது வெள்ளைக்காரனின் சம்பிரதாயம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரக் குணம் போன் எடுத்தான்.

“அண்ணை, ஆண்டு மலர் போடுறம். ஒரேயொரு கலர்ப் பக்கம்தான் மிச்சம். உங்கட கொம்பனி விளம்பரம் போடுவமோ?”

“விளம்பரம் இருக்கட்டும். வாழ்த்து ஒண்டு இருக்கு.”

“ஆருக்கு அண்ணை?”

வாய் திறந்துவிட்டது. பிறகு மூடுவது என் வழக்கத்தில் இல்லை.

“கிரவுன் கவுன்சலுக்குத் தமிழ் என்ன அண்ணை?”

“அரச சட்டவாதி.”

குணம் அந்தச் சொல்லை ஒருதரம் சொல்லிப் பார்த்தான். “அது சின்னனாக் கிடக்கு அண்ணை. பக்கம் பெரிசு.”

இரண்டு பேருமாக யோசித்தோம். வியாழக்கிழமை வெளிவந்த பக்கத்தில் ஷெரின் பட்டமளிப்புச் சேலையோடு நின்றாள். நான்கு மூலையிலும் குத்துவிளக்கு. பின்னால் ஒரு பச்சைத் தீவு, தென்னை மரங்கள். அந்தத் தீவில் தென்னை நிற்காது, குளிர் என்று பிறகுதான் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில்: ‘பிரித்தானிய முடியாட்சியின் தென் அத்திலாந்திக் சட்டமா அதிபராகப் பதவியேற்கும் எங்கள் செல்வ மகள்.’ கீழே என் மூன்று வான்களும் போன் நம்பரும்.

நான் அதை நாலுதரம் வாசித்தேன். பொய் சொல்லக்கூடாது, கண் கலங்கியது.

4

ஷெரினின் ஒபிஸ் வரவேற்பு மேசையில் இருப்பவள் சுகந்தி. டோர்செட் பார்க்கில் இருக்கிறாள், எங்கள் ஆள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கியவள், காரின் டிக்கியில் மீன் தண்ணி வடியாமல் இருக்க ஒரு பேப்பரை விரித்திருக்கிறாள். வீட்டில் வந்து மீனைத் தூக்கினால் கீழே ஷெரின்.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு பூங்கொத்தோடு போய், எல்லோருக்கும் நடுவில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு முதலாளியம்மா ஷெரினைக் கூப்பிட்டா. சத்தம் போடவில்லையாம். கொலை வழக்கை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னாவாம். போகிற ஆளை நம்பி ஒருவனுடைய ஆயுளை வைக்கமுடியாது என்றாவாம். நியாயம்தான். நானும் வேலையை விடப்போகிறவனைக் கூரையில் ஏற்றமாட்டேன்.

பின்னேரம் ஷெரின் வாசலில் நின்றாள். சப்பாத்துக் கழற்றவில்லை.

“அப்பா, நான் உங்களிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்.”

“பிள்ளை, வேலை உனக்குத்தானே. பல்லெல்லாம் பாத்தவங்கள்...”

“இன்ரவியூ இன்னும் நடக்கேல்ல! மூண்டு பேருக்கும்தான் பல்லுப் பாக்கினம்! இப்ப இதுவும் கிடைக்காட்டி எனக்கு ஒண்டும் இல்லை, அப்பா. டூ யூ அண்டஸ்ராண்ட்? ஒண்டும் இல்லை.”

“அந்தப் பதவியை ஆர் கூட்டினது?” என்று பிலோமினா குசினியிலிருந்து கேட்டாள். கையில் அந்தப் பக்கம். “சட்டமா அதிபரோ? சட்டமா அதிபர்தானே இவளை இன்ரவியூ பண்ணப்போறார்?”

அது உண்மை. தேர்வுக்குழுவின் தலைவரே தீவின் சட்டமா அதிபர், அரச சட்டவாதிக்கு மேலே இருப்பவர். அந்த மனிசனின் கதிரையில் அவரைக் கேளாமல் என் மகளை இருத்திவிட்டேன்.

ஷெரின் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. காரில் ஏறிப் போனாள்.

5

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை வானை எடுத்துக்கொண்டு, கடை கடையாகப் போய்ப் பேப்பரை அள்ளினேன். சனம் பார்க்காவிட்டால் விஷயம் அடங்கும் என்பது என் எண்ணம்.

ஐந்தாவது கடை றசீக் நானாவினுடையது. மன்னார்க்காரர், இருபது வருடப் பழக்கம். கடைக் கூரையும் நான் போட்டதுதான்.

“தாஸ் அண்ணன், வாழ்த்துகள்! ஊருக்கு அனுப்பவா அள்ளுறீங்க? உள்ளுக்கு இன்னும் ஒரு கட்டு இருக்கு.”

“இல்லை நானா, ஆக்கள் பாக்கக்கூடாது.”

“கண்ணூறா?”

விஷயத்தைச் சொன்னேன். நானா கல்லாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அண்ணன், நீங்க வானோட நிண்டு பேப்பர் அள்ளுறதப் பாத்துத்தான் சனம் அதில என்ன இருக்கெண்டு கேக்குது. காலையில இருந்து பதினொரு பேர் கேட்டாங்க. நீங்க விளம்பரம் போட்டத விட, அள்ளினதுதான் பெரிய விளம்பரம்.”

அப்படியே வானில் ஏறி இருந்தேன். பின்னால் முந்நூறு ஷெரின். எல்லோரும் சேலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

6

இன்ரவியூ அடுத்த கிழமை வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கொம்பியூட்டரில். ஷெரினின் கட்டடத்தில் அன்றைக்கு நெருப்பு மணியைப் பரிசோதிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டியிருந்ததால் எங்கள் பேஸ்மென்ருக்கு வந்தாள். தாயோடு கதைத்தாள். என்னைக் கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கீழே போய்க் கதவைச் சாத்தினாள்.

கனடா வீடு கட்டுகிறவனுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. சூட்டுக் காற்று வருகிற குழாய் வழியே சத்தமும் வரும். பேஸ்மென்ரில் கதைத்தால் குசினித் தரையில் இருக்கிற துவாரத்தில் கேட்கும். நான் தரையில் படுத்துக் காதை வைத்தேன்.

“வெக்கமில்லையோ உங்களுக்கு?” என்றாள் பிலோமினா. இரண்டு நிமிடத்தில் அவளும் மற்றப் பக்கத்தில் படுத்தாள்.

எனக்குக் கூரை இங்கிலீஷ் நன்றாக வரும். கீழே நடந்தது வேறு இங்கிலீஷ். பிலோமினா இருபது வருடம் முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவிகளோடு வேலை செய்தவள். அவள்தான் மெல்லிய குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். சட்டக் கேள்விகள் அரை மணித்தியாலம் போயின. பிறகு ஒரு பொம்பிளைக் குரல்.

“என்னவாம்?” என்று பிலோமினாவைக் கேட்டேன்.

“சின்ன இடமாம். நீ மறியலிலை அடைக்க வைச்சவன்ர தமக்கைதான் உனக்குக் கடையிலை பாண் விப்பாளாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமாம். என்னெண்டு சமாளிப்பாய் எண்டு கேக்கினம்.”

கீழே ஷெரின் தொடங்கினாள். ‘மை பாதர்’ என்றது எனக்கே கேட்டது.

“ஐயோ, என்னைச் சொல்லப்போறாள்.”

“சும்மா இருங்கோப்பா... உங்கட தீவைச் சொல்லுறாள். லோஞ்சைச் சொல்லுறாள். ஆடு.”

“ஆட்டையுமோ!”

தேர்வுக்குழு சிரித்தது கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. பிலோமினா தலையைத் துவாரத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

“நீதவான் ஏன் கடலைப் பாத்தவர் எண்டு சொல்லுறாள். லோஞ்சுக்குள்ளை அடிச்சவனும் இருக்கிறான், அடிவாங்கினவனும் இருக்கிறான். ஒருத்தன்ர முகத்தைப் பாத்தால் மற்றவன் என்ன நினைப்பான்? இறங்கிப் போகவும் ஏலாது, வேறை வள்ளமும் இல்லை. பாக்கிறதுக்குக் கடல் மட்டும்தான் இருந்தது. அதாலைதான் அந்த மனிசன் ஒரு மணித்தியாலம் கடலைப் பாத்ததாம்.”

நான் ஐம்பது வருடத்துக்கு மேலாக அதைச் சத்திக் கதையாகத்தான் சொல்லி வந்தேன். எட்டாம் வகுப்பை இரண்டுமுறை படித்தும் விளங்காதது. அதை அவள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி விளங்கிக்கொண்டாள்.

“இப்ப பேப்பர் விளம்பரத்தைச் சொல்லுறாள்.”

“சொல்லிப்போட்டாளோ!”

“அவற்ர கதிரையிலை நீங்கள் தன்னை இருத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கிறாள், அந்தச் சட்டமா அதிபரிட்டை.”

ஒரு ஆம்பிளைக் குரல் பெரிதாகச் சிரித்தது. அது அடங்கியபின் ஷெரின் மெதுவாக ஏதோ சொன்னாள். நான் பிலோமினாவின் தோளைத் தட்டினேன்.

“சொல்லும்.”

“‘நான் ஊர் வாய்க்குள்ளை வளந்தனான். அதிலை கெட்ட மனசு இல்லை எண்டும் தெரியும், அது என்ன செய்யும் எண்டும் போன கிழமை தெரிஞ்சது. இந்த வேலை கிடைச்சால், அப்பாவுக்குக்கூட அங்கத்தைய வழக்குகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டன். அவருக்கு அது பெரிய கஷ்டம். எனக்கும்தான். எண்டாலும் நானும் கடலைத்தான் பாப்பன்’ எண்டு சொல்லுறாள்.”

இருவரும் கொஞ்சநேரம் தரையில் கிடந்தோம். பிறகு எழும்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பிடித்து எழும்பினோம். அறுபதைத் தாண்டிய ஆட்கள் அல்லவா.

7

பத்து நாளில் வேலை கிடைத்தது. அரச சட்டவாதியாக. ஷெரின் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தாயிடம் சொல்லி, பிறகு என் முன்னால் நின்றாள்.

“துவாரத்தாலை கேட்டனீங்கள்தானே?”

“என்ன துவாரம்?”

“அப்பா, கொம்பியூட்டரிலை உங்கட இருமல் கேட்டது. ‘யுவர் பாதர்?’ எண்டு அவையள் கேட்டவை.”

அப்போதுதான் சிரித்தாள். அவளைச் சிரிக்கவைக்க மூன்று கிழமை எடுத்தது.

ராசாவுக்குச் சத்தியம் பண்ணவேண்டும் என்றாள். நானும் குடியுரிமை எடுத்தபோது ராணிக்குப் பண்ணினேன், வாயை மட்டும் அசைத்தேன் என்றேன். அவள் சத்தம் வரச் சொல்லுவாளாம். சொல்லட்டும். வெள்ளைக்காரனுடைய லோஞ்சில் இருக்கிற கள்ளனையும் காவல்காரனையும் சமமாக நடத்த ஆள் வேண்டும் என்றால், அதற்கு நாலு பேர் முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்து வந்தவள் போவதுதான் சரி.

குணம் உடனே போன் எடுத்தான். இந்தமுறை சரியான பதவியைப் போடுவம் அண்ணை, முழுப்பக்கம், பாதி விலை என்றான். வேண்டாம் என்றேன். சுகமில்லையோ என்று விசாரித்தான்.

இந்தக் குறிப்பையும் ஷெரினுக்கு வாசித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். தீவின் பெயரை வெட்டினாள். இன்னும் மூன்று இடத்தில் வெட்டினாள், மூன்றும் நான் என்னைப் புகழ்ந்த இடங்கள். மிச்சத்தை விட்டுவைத்தது அவளுடைய பெருந்தன்மை.

அவள் போய் ஏழு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் போன் அடிப்பாள். சாப்பாடு, குளிர், காற்று எல்லாம் சொல்வாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்பேன்.

“கோர்ட்டிலை என்ன கேஸ் போகுது பிள்ளை? எழும்பி நிண்டனியோ?”

ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும்.

“கடல் இண்டைக்கு நல்ல வடிவு, அப்பா.”

போன சனிக்கிழமை றசீக் நானாவின் கடையில் மீன் வாங்க நின்றேன். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர், எல்லாம் எங்கள் ஆட்கள், எல்லோருடைய காதும் என் பக்கம்.

“மகள் அங்க எப்பிடி, தாஸ் அண்ணன்? பெரிய பெரிய கேஸெல்லாம் பேசுறாவாமே?” என்று நானா கேட்டார்.

நாக்கு நுனிக்கு எவ்வளவோ வந்தது. எல்லாம் நானாகக் கட்டியது, எனக்கு ஒன்றும் தெரியாது. கணவாயைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன்.

“கடல் வடிவா இருக்காம், நானா.”